ஆமென் சொல்லும் வரை

எங்கள் தெருவில் சாலோமி அக்கா கையில் போன் இல்லாமல் நின்று யாரும் பார்த்ததில்லை. மீன் கழுவும்போதும் காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டுதான் கழுவுவாள். கழுத்து அப்படியே சாய்ந்து பழகிவிட்டது. கல்யாண வீட்டு போட்டோக்களில்கூட ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நிற்பாள். ஊர் வம்பு பேசுகிறாள் என்று நினைத்துவிடக் கூடாது. அவள் போனில் பேசியதில் முக்கால்வாசி ஜெபம்.

அவளுடைய அப்பா உபதேசியார். களக்காட்டுப் பக்கம் கொஞ்ச காலம், நாங்குநேரிப் பக்கம் கொஞ்ச காலம் என்று, சபை மாற்றிவிடும் இடமெல்லாம் சட்டி பானையோடு போய் இறங்குவார்கள். புது ஊரில் முதல் ஞாயிற்றுக்கிழமை குடும்பமே கோயிலில் எழுந்து நிற்க வேண்டும். பழைய சபை கொடுத்த மாறுதல் சீட்டைப் போதகர் ஐயர் வாசித்த பிறகுதான் உட்கார இடம். அப்படி ஊர் ஊராக எழுந்து நின்று வளர்ந்தவள், படித்து, பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பள்ளிக்கூட ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து, கிளார்க் ஆகி, ஓய்வும் பெற்றுவிட்டாள். இத்தனை ஊர் பார்த்ததில் அவளுக்கு ஒன்று மட்டும் நன்றாகப் படிந்துவிட்டது. மனுஷனுக்குக் கஷ்டம் வந்தால் நாலு பேர் விசாரிக்க வேண்டும். விசாரிக்க ஆள் இல்லாதவன் அநாதை.

அவள் வீட்டுக்காரர் கிருபைராஜ் அண்ணன். உரக் கடையில் கணக்கு எழுதியவர், கோயில் பாடகர் குழுவில் அடிக்குரல். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனுஷன். பஸ்ஸில் யாராவது காலை மிதித்தால்கூட, அவர்களாகப் பார்த்துக் காலை எடுக்கிறவரைக்கும் பேசாமல் நிற்பார். மகள் ஸ்டெபி பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஆளுக்கொரு டச் போன் வாங்கிக் கொடுத்தது அவள்தான்.

ஜெபச் சங்கிலி தொடங்கியது ஒரு டெங்கு காய்ச்சலில். பக்கத்துத் தெருப் பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்தது. அக்கா ஐந்து பேருக்குப் போன் போட்டாள். அவர்கள் ஆளுக்கு ஐந்து பேருக்குப் போட்டார்கள். மத்தியானத்துக்குள் பாதிச் சபை அந்தப் பிள்ளையின் அம்மாவைக் கூப்பிட்டு, போனிலேயே ஜெபித்து முடித்திருந்தது. பிள்ளை பிழைத்துக்கொண்டது. டாக்டரும் கொஞ்சம் மருந்து கொடுத்திருந்தார். ஆனால் பேர் என்னவோ சங்கிலிக்குத்தான் போனது. அதற்குப் பிறகு எங்கள் சபையில் யார் வீட்டில் யாருக்கு என்ன என்றாலும், சாலோமி அக்கா வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் போட்டுவிடுவாள். அடுத்த நிமிஷம் போன் அடிக்க ஆரம்பித்துவிடும்.

இதில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. போனில் ஒருவர் ஜெபிக்கத் தொடங்கிவிட்டால், ஆமென் வருகிறவரைக்கும் யாரும் போனை வைக்கக் கூடாது. அடுப்பில் பால் பொங்கட்டும், வாசலில் கேஸ்காரன் நிற்கட்டும், ஆமென் வர வேண்டும். நானும் அதே சபைதான். எனக்கு எத்தனையோ நாள் சோறு அடிப்பிடித்திருக்கிறது. கிருபைராஜ் அண்ணனோ இந்தச் சட்டத்துக்காகவே பிறந்த மாதிரி ஆள்.

அந்த மார்கழி மழையைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்களிடம் சொல்ல வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்த மழை நிற்கவேயில்லை. அண்ணன் அன்று ஸ்ரீவைகுண்டம் தாண்டி தோப்புவிளை என்ற சின்ன ஊருக்குப் போயிருந்தார். அங்கே உள்ள வாலிபர்களுக்கு கேரல் பாட்டு பழக்கிக் கொடுக்க வேண்டுமாம். மழையில் திரும்ப முடியாமல் அங்கேயே ராத்தங்கிவிட்டார். இன்சுலின் வீட்டில் இருந்தது. திங்கட்கிழமை விடிந்ததும், 'இங்கேயே கிடங்க சார்' என்று அவர்கள் தடுத்தும் கேளாமல் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். வழியில் எங்கோ ஒரு குளம் உடைந்து தண்ணீர் ரோட்டுக்கு வந்துவிட்டது.

அக்கா அடுப்படியில் இருக்கும்போது போன் வந்தது.

"சாலோமி, பயப்படாத. நான் ஒரு மோட்டார் ரூம் மேல நிக்கேன்."

"எந்த ஊருல?"

"ஊரு எங்க தெரியுது? சுத்தி வாழைத்தோட்டம். வாழையும் தலை மட்டுந்தான் தெரியுது. வண்டிய தண்ணி அடிச்சிட்டுப் போயிட்டு. என்னையும் எங்கனயோ தள்ளிக்கொண்டாந்து விட்டுட்டு."

"ரோட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

"தெரியலயே. மழையில ஒண்ணும் புரியல. போன்ல சார்ஜ் கம்மியா இருக்கு. நீ யாருட்டயாவது சொல்லு."

யாருட்டயாவது சொல்லு! சாலோமி அக்காவிடம் போய் அந்த வார்த்தையைச் சொல்லலாமா?

குறை சொல்லக் கூடாது, முதலில் போலீஸ் கன்ட்ரோல் ரூமுக்குத்தான் சொன்னாள். அடுத்தது தன் அண்ணன் மகன் ஜாஸ்பருக்கு. அவன் ஒரு போன் கம்பெனியில், வண்ணார்பேட்டை ஆபீசில் என்ஜினீயர். கிருபைராஜ் அண்ணனின் சிம்மும் அந்தக் கம்பெனியுடையதுதான். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாட்ஸ்அப்பைத் திறந்து வாய்ஸ் போட்டாள். "எங்க வீட்டு அவிய வெள்ளத்துல மாட்டிக்கிட்டாவ. தன்னந்தனியா ஒரு மோட்டார் ரூம் மேல நிக்காவ. மனசு உடைஞ்சிறக் கூடாது. தயவு செஞ்சு ஆளுக்கொரு போன் போட்டு ஜெபிங்க, தைரியம் சொல்லுங்க." கீழே அண்ணனுடைய நம்பரையும் போட்டாள்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று எங்கள் ஊரில் கிறிஸ்தவர்களும் சொல்வதுண்டு.

கொஞ்ச நேரம் கழித்து அவள் கிருபைராஜ் அண்ணனைக் கூப்பிட்டாள். வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார் என்று குரல் வந்தது. மறுபடி கூப்பிட்டாள். அதே குரல். முதலில் அவளுக்கு அதில் ஒரு ஆறுதல்கூட இருந்தது. பேசுகிறார் என்றால் உயிரோடு இருக்கிறார். தனியாக இல்லை, யாரோ பக்கத்தில் இருக்கிறார்கள். அப்படி நினைத்துக்கொண்டுதான் ஜன்னல் ஓரம் நின்று மழையைப் பார்த்தாள்.

ஜாஸ்பர் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து சேர்ந்தான். வண்ணார்பேட்டையில் அவன் ஆபீசின் கீழ்த்தளம் தண்ணீரில் நின்றது. சென்னையில் உள்ள கம்பெனி ஆட்களோடு போனில் பேசித்தான் வேலை நடந்துகொண்டிருந்தது.

"ஐயா ஜாஸ்பரு, உங்க மாமா கையில போன் இருக்கு. உங்க கம்பெனி பொட்டியில ஒரு பட்டன அமுக்கி, அவிய எங்கன நிக்காவன்னு பாத்துச் சொல்லிரக் கூடாதா?" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்படி ஒரு பட்டன் கிடையாது அத்த. ஒரு போன் எந்த வட்டாரத்துல இருக்குன்னு மட்டுந்தான் எங்களுக்குத் தெரிஞ்சுகிட்டே இருக்கும். எந்த டவர் பக்கத்துலன்னு, கூப்பிட்டாத்தான் தெரியும்."

அக்காவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவன் அவசரத்திலும் பொறுமையாகச் சொன்னான். அத்தையிடம் எந்தப் பாஷையில் பேசினால் புரியும் என்று அவனுக்குத் தெரியும். பல கோயில்கள் சேர்ந்த ஒரு வட்டாரத்தை எங்கள் சபையில் சேகரம் என்போம்.

"தாத்தா உபதேசியாரா ஊர் ஊரா மாறுனாவல்லா. புது ஊருக்குப் போனா என்ன செய்வாவ? நான் வந்துட்டேன்னு அந்தச் சேகரத்துல சொல்லுவாவ. சேகரத்துக்காரவிய உங்க தாய்ச் சபைக்கு, இந்தக் குடும்பம் இப்ப எங்ககிட்ட இருக்குன்னு தகவல் அனுப்புவாவ. போனும் அப்படித்தான். ஒரு வட்டாரத்த விட்டு இன்னொண்ணுக்குப் போனா, அதுவாவே நான் வந்துட்டேன்னு சொல்லிரும். தாய்ச் சபையில அது பதிஞ்சிரும்."

"சரி."

"இப்ப நீங்க மாமாவக் கூப்பிடுதிய. உங்க கூப்பாடு முதல்ல தாய்ச் சபைக்குப் போவும். கிருபைராஜ் எங்கன்னு கேக்கும். இன்ன சேகரத்துலன்னு பதில் வரும். ஒரு சேகரத்துல எத்தனையோ கோயில் இருக்குல்லா? அந்தக் கோயில் எல்லாத்துலயும் ஒரே நேரத்துல, கிருபைராஜ் இருக்காரான்னு சத்தம் போட்டுக் கேப்பாவ. கோயில்னு நான் சொல்லுதது டவர். மாமா போன் எந்த டவர் சத்தத்தக் கேக்குதோ, அந்த டவர்கிட்ட இந்தா இருக்கேன்னு கை தூக்கும். அந்த டவர் வழியா லைன் கிடைக்கும். அப்புறந்தான் மணி அடிக்கும்."

"அப்ப கூப்பிடு! கை தூக்கட்டும்!"

"தூக்கிட்டாவ அத்த. போலீஸ்லருந்து கம்பெனிக்குக் கேட்டு, பாத்துச் சொல்லிட்டாவ. மணல்குண்டு டவர். அதுக்கு மூணு பக்கம் முகம். கிழக்கப் பாத்த முகத்துலதான் மாமா போன் நிக்குது."

அக்கா அந்த இடத்திலேயே மண்டி போட்டுவிட்டாள், நன்றி சொல்ல. ஜாஸ்பர் தூக்கி நிறுத்தினான். இன்னும் ஒன்றும் முடியவில்லை என்றான். அந்த வட்டாரத்தில் பாதி டவர்கள் கரண்ட் இல்லாமல், டீசலும் இல்லாமல் அவிந்துகிடந்தன. மணல்குண்டு டவர் மட்டும் உயிரோடு இருப்பதால் தூரத்துப் போன்கள் எல்லாம் அதன் காலில் போய் விழுந்திருந்தன. அதனால் கிழக்கு முகம் என்றால் ஒரு தெரு இல்லை, மைல் கணக்கில் வாழையும் தண்ணீரும். இன்னொன்றும் சொன்னான். டவர் தூரமாக இருந்தால் போன் முழுப் பலத்தோடு கத்திப் பேச வேண்டும். பேசப் பேச சார்ஜ் மளமளவென்று இறங்கும்.

"அப்ப எப்படித்தான் கண்டுபிடிக்க?"

"கடக்கரையிலருந்து வள்ளம் வந்திருக்கு. கபிரியேல்னு ஒருத்தரு. மணல்குண்டுக்குக் கிழக்கதான் போயிட்டு இருக்காரு. மாமா நம்பரக் குடுத்திருக்கேன்."

கபிரியேலுக்கு இது புது வேலை இல்லை. கடலில் மழை இறங்கி கண் தெரியாமல் போனால், ஒரு வள்ளம் இன்னொரு வள்ளத்தைத் தேடுவது இப்படித்தான். தேடுகிறவன் இன்ஜினை ஏற்றி இறக்கிச் சத்தம் கொடுப்பான். மற்றவன் போனில், இடது பக்கம் கேட்கிறது, இப்போது பின்னால் கேட்கிறது என்று சொல்வான். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டே போய்ச் சேர்ந்துவிடுவான். அதற்கு வேண்டியது ஒரே ஒரு போன் பேச்சு.

அந்த நேரம் பார்த்து ஜாஸ்பரின் போன் அடித்தது. கபிரியேல்தான். இன்ஜின் இரைச்சலில் கத்திப் பேசினார்.

"தம்பி, உங்க மாமா யாருகிட்டப்பா இவ்வளவு நேரமா பேசுதாரு? எப்பப் போட்டாலும் வேற ஆளோட பேசுதாருன்னே வருது. தண்ணில கிடக்கவருக்கு அவ்வளவு என்னப்பா பேச்சு?"

"ஒரு நிமிஷம் அண்ணாச்சி…"

"நிமிஷம் எல்லாம் எங்க இருக்கு? மேற்க ஒரு பிள்ளத்தாச்சி ஓட்டுக்கூரை மேல கிடக்குன்னு சொல்லுதாவ. நான் இன்னும் ரெண்டு தடவ பாப்பேன். கிடைக்கலன்னா அங்க திரும்பிருவேன். என்னைத் தப்பா நினைக்காதிய."

ஜாஸ்பர் போனை இறக்கினான். "அத்த, மாமா யார்ட்ட பேசுதாவ?"

அக்கா தன் போனைத் திறந்து, போட்டிருந்த வாய்ஸை ஓட்டிக் காட்டினாள். அதற்குக் கீழே வரிசையாகக் கைகூப்பிய படங்கள். 'பேசிட்டேன் அக்கா', 'நானும் ஜெபித்தேன்', 'லைன் கிடைக்கவில்லை, முயற்சி செய்துகொண்டிருக்கிறேன்.'

"எத்தன பேரு இருக்காவ இதுல?"

"எல்லாரும் இருக்காவ" என்றாள்.

அவளுக்கு அப்போதுதான் எல்லாம் ஒன்றாக உறைத்தது. ஒவ்வொருவரும் ஆமென் சொல்ல எவ்வளவு நேரம் எடுப்பார்கள் என்று அவளுக்குத் தெரியாதா? அந்த மனுஷன் நடுவில் போனை வைக்க மாட்டார் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? தண்ணீர் அவரைக் கொல்லவில்லை, நான் கொன்றுகொண்டிருக்கிறேன் என்று வாய்விட்டுச் சொன்னாள். நெஞ்சில் அடித்துக்கொள்ளப் போனவளின் கையை ஜாஸ்பர் பிடித்துக்கொண்டான்.

நிறுத்துங்கள் என்று வாய்ஸ் போட்டார்கள். அது போகாமல் வட்டம் சுற்றிக்கொண்டே நின்றது. நெட் செத்துவிட்டிருந்தது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். ஊரே போன் பேசிக்கொண்டிருந்ததால் லைன் கிடைக்கவில்லை. ஜாஸ்பர் தன் மாமாவுக்கு மெசேஜ் அனுப்பினான், வேற யார் போனையும் எடுக்காதீங்க, வள்ளக்காரர் கூப்பிடுதாரு என்று. கண்ணை மூடி ஜெபத்தில் நிற்கிற ஆள் மெசேஜை எங்கே பார்ப்பார்?

"கம்பெனியில சொல்லி மத்தவிய போன எல்லாம் அடைச்சிரு ஐயா."

"சொல்லியாச்சு அத்த. அதச் செய்ய வேண்டியவன் இந்நேரம் எங்க இருக்கானோ."

அதற்கு மேல் அவள் நிற்கவில்லை. செருப்பைப் போடவில்லை, குடை எடுக்கவில்லை, தெருவில் இறங்கிவிட்டாள். வடக்குத் தெருவை ஜாஸ்பர் எடுத்துக்கொண்டான், தெற்குத் தெருவை அவள். கம்பியே இல்லாமல் ஊரைக் கட்டிவைத்திருந்தவள் வீடு வீடாகக் கதவைத் தட்டிக்கொண்டு ஓடினாள்.

முதல் வீடு எங்கள் சபையைச் சேர்ந்த ஜெபஸ்டினின் அம்மாவுடையது. கதவைத் திறந்ததும் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "இப்பந்தான் அண்ணன்ட்ட பேசி முடிச்சேன் சாலோமி. அருமையான ஜெபம். அண்ணன் அழுதுட்டாவ."

"இனிமே யாரும் போன் பண்ணாதிய. உங்க அஞ்சு பேர்ட்டயும் நடந்து போயிச் சொல்லுங்க. போன் பண்ணாண்டாம்."

"ஜெபம் பண்ணாண்டாம்னா சொல்லுத?" ஜெபஸ்டினின் அம்மா ஒரு அடி பின்னால் போனாள். "இந்த நேரத்துலதான் விசுவாசத்த விட்றக் கூடாது சாலோமி."

"விசுவாசம் இருக்கு. சார்ஜுதான் இல்ல!"

அந்த அம்மாள் புரிந்துகொண்டாளா இல்லையா என்று பார்க்கக்கூட நேரமில்லை. அடுத்த வீடு பூட்டிக்கிடந்தது. அதற்கடுத்த வீட்டில் மாமியாரும் மருமகளும் யார் முதலில் பேசுவது என்று போனை வைத்துக்கொண்டு நின்றார்கள். அதைப் பிடுங்கிக் கட்டிலில் எறிந்துவிட்டு ஓடினாள். தெருமுனைச் சாக்கடையில் ஒரு கால் உள்ளே போய், விழுந்து, எழுந்து, சேலை முழங்காலில் கிழிந்து தொங்க, நடுத்தெருவில் நின்று கத்தினாள். "எவளும் அவிய நம்பருக்குப் போடாதிய! உங்களுக்குப் புண்ணியமாப் போவும்!" மழைச் சத்தத்தில் யாருக்குக் கேட்டதோ. கிருபைராஜ் அண்ணன் பெண்டாட்டிக்கு மூளை கலங்கிவிட்டது என்று அன்றைக்கு ஒரு வீட்டில் பேசிக்கொண்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

கடைசி வீடு பிரிஸில்லா டீச்சருடையது. அவர்கள் நல்ல மனுஷி. ஆனால் ஜெபம் என்று உட்கார்ந்தால் ஆதியில் வானமும் பூமியும் படைத்ததில் தொடங்கி, பைபிளில் வரும் ஒவ்வொரு வெள்ளமாக, ஒவ்வொரு சிங்கக் குகையாகக் கடந்துதான் நம்முடைய தலைவலிக்கு வந்து சேர்வார்கள். வாசல் திறந்துகிடந்தது. மாடியிலிருந்து குரல் கேட்டது. படியில் இரண்டு இரண்டாக ஏறினாள் அக்கா.

மாடி வராந்தாவில், சிக்னலுக்காகக் கம்பி ஓரம் நின்று, போனை ஸ்பீக்கரில் போட்டுக் கையில் ஏந்திக்கொண்டு, டீச்சர் கண்ணை மூடியிருந்தார்கள். நோவாவின் பேழை அப்போதுதான் மலைமேல் தங்கியிருந்தது. போனிலிருந்து நடுங்குகிற குரலில், "ஆமா ஆண்டவரே… ஆமா ஆண்டவரே" என்று வந்துகொண்டிருந்தது.

காலையிலிருந்து எந்தக் குரலுக்காக அவள் செத்துக்கொண்டிருந்தாளோ, அந்தக் குரல். குளிரில் பல் அடிப்பதுகூடக் கேட்டது. உயிரோடு இருக்கிறார், ஆனால் பலம் போய்விட்டது. சர்க்கரைக்காரர், நேற்று ராத்திரியிலிருந்து இன்சுலினும் இல்லை. அக்கா போய் டீச்சரின் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். டீச்சர் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்து, ஜெபம் நின்றுபோன அந்த ஒரு நொடியில், அந்தப் பக்கத்திலிருந்து அண்ணன் அவசர அவசரமாகப் பேசினார்.

"டீச்சர், டீச்சர், சாலோமிட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க…"

அவள் வாய் வரைக்கும் வந்துவிட்டது, இங்கதான் இருக்கேன், சொல்லுங்க என்று. சொல்லியிருந்தால் அவர் அழுவார், இவள் அழுவாள், ஒரு நிமிஷம் போகும். அந்த ஒரு நிமிஷம் கபிரியேலுடையது. ஒரு வார்த்தை என்றாரே, அது என்ன வார்த்தையாக இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. சாகப்போகிறவன் பெண்டாட்டிக்குச் சொல்லிவிடும் வார்த்தை வேறு என்ன? அதைக் கேட்கிற அதிர்ஷ்டம் இல்லாமல் போனாலும் போகட்டும் என்று சிவப்பு பட்டனை அழுத்திவிட்டாள்.

"ஆமென் சொல்லலியே சாலோமி!" என்று டீச்சர் பதறினார்கள்.

"மனசுக்குள்ள சொல்லுங்க டீச்சர். போன மட்டும் தொடாதிய."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். செய்வதற்கு ஒன்றுமே இல்லை என்பது அவளுக்கு அதுவரை பழக்கமில்லாத காரியம். யாரையும் கூப்பிடக் கூடாது. லைன் கிடைத்ததா என்றுகூட கபிரியேலைக் கேட்கக் கூடாது. கேட்டால் அவருடைய லைன் அடைபடும். மழை ஓட்டின்மேல் கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பெண்களும் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். அந்தச் சிவப்பு பட்டனை அழுத்திய விரலை அக்கா இன்னொரு கையால் மூடிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் அவளுக்குக் கடவுள்மேல்கூடக் கோபம் வந்ததாம். என்னிடம் அவளே சொன்னாள்.

ஜாஸ்பர் தேடிக்கொண்டு வந்து மாடி ஏறினான். ஏறி நின்ற கொஞ்ச நேரத்தில் அவன் போன் அடித்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். எடுக்கவே அவன் பயந்தான்.

"தம்பி, லைன் கிடைச்சுது" என்றார் கபிரியேல். "இன்ஜின ஏத்துனேன். வலது கைப் பக்கம் கேக்குதுன்னாரு. திருப்பினேன். இப்ப நேர முன்னாலன்னாரு. அதோட போன் செத்துப்போச்சு."

"அப்புறம்?"

"முன்னாலதானே சொன்னாரு. போயிட்டே இருக்கேன்." வைத்துவிட்டார்.

மறுபடியும் காத்திருப்பு. இந்த முறை அக்கா யாருக்கும் தெரியாமல் அண்ணனின் நம்பரை ஒரு தடவை அழுத்திப் பார்த்தாள். சுவிட்ச் ஆஃப் என்று குரல் சொன்னது. ஜாஸ்பர் எட்டிப் பார்த்தான்.

"பயப்படாதிய அத்த. சார்ஜ் தீந்து அணையும்போது போன் நான் போறேன்னு டவர்கிட்டச் சொல்லிட்டுத்தான் அணையும். அதனாலதான் சுவிட்ச் ஆஃப்னு உடனே சொல்லுது. தண்ணிக்குள்ள விழுந்துருந்தா சொல்ல நேரம் இருக்காது. தேடித் தேடிப் பாத்துட்டு, தொடர்பு எல்லைக்கு வெளியன்னு சொல்லிருக்கும்."

அது முழுக்க உண்மையோ, அத்தைக்காக அவன் கொஞ்சம் கூட்டிச் சொன்னானோ தெரியாது. அந்தச் சுவிட்ச் ஆஃப் என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் மீதி நேரத்தைக் கடந்தாள். மறுபடி போன் வந்தது. யாரோ இருமுகிற சத்தம்தான் முதலில் கேட்டது. பிறகு கபிரியேலின் குரல் வந்தது. "ஆளு கிடைச்சாச்சு தம்பி. தண்ணி இடுப்புக்கு மேல வந்துட்டு. மோட்டார் ரூம் மேல போனத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சிட்டு நிக்காரு, அணைஞ்ச போன. போர்வையப் போத்தி உக்கார வச்சிருக்கேன். அந்தப் பிள்ளத்தாச்சியையும் ஏத்திக்கிட்டு வாரேன்."

டீச்சர் சத்தமாகவே ஆமென் சொன்னார்கள்.

ரோடு திறந்ததும் அண்ணனைப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்தார்கள். கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. காய்ச்சல் இறங்கி, இட்லி சாப்பிட்டு, முகம் கொஞ்சம் தெளிந்த நாளில் அக்கா கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் தூங்கி எத்தனையோ நாள் ஆகியிருந்தது. கண்ணை மூடினால், சாலோமிட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க என்ற குரல்தான். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷன் அவளிடம் அன்பாக ஒரு வார்த்தை வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல வாயெடுத்த ஒரே தடவையும் அவளே அறுத்துவிட்டாள்.

"இங்க பாருங்க" என்றாள். "அன்னைக்கி டீச்சர்ட்ட என்னமோ சொல்ல வந்தியளே, சாலோமிட்ட ஒரு வார்த்தன்னு. போன வச்சது நான்தான்."

"நீயா? சார்ஜ் போயிட்டுன்னுல்லா நினைச்சேன்."

"நான்தான். இப்பச் சொல்லுங்க. என்ன சொல்ல வந்திய?"

அண்ணன் சங்கடப்பட்டுக்கொண்டு போர்வையை இழுத்துவிட்டார். "ஒண்ணும் இல்ல. அதப் போயி இப்ப எதுக்கு?"

"சொல்லுங்க."

"கோவப்படாத. நம்ம சபைக்காரவிய விடாம போன் பண்ணிட்டே இருந்தாவல்லா. நடுவுல நடுவுல வேற நம்பர்லருந்து ஒரு போன் வந்துட்டே இருந்துச்சு. வள்ளக்காரனா இருக்குமோன்னு எனக்கு ஒரு சந்தேகம். அதான், யாரும் போன் பண்ணாண்டாம்னு சாலோமிட்டச் சொல்லிருங்கன்னு சொல்ல வந்தேன்."

அக்கா ஸ்டூலை இன்னும் பக்கத்தில் இழுத்தாள். "அத ஏன் மொதல்ல பேசுனவகிட்டயே சொல்லல?"

"சொல்லத்தான் பாத்தேன். ஒருத்தர் ஆமென் சொல்லி வச்ச உடனே அடுத்தவிய வந்துட்டாவ. எடுத்த உடனே, அன்பின் பரலோகத் தகப்பனேன்னு ஆரம்பிச்சிருதாவ. ஜெபத்துக்கு நடுவுல எப்படி சாலோமி சொல்ல?"

அக்கா கட்டில் கம்பியில் தலையை வைத்து ஓவென்று அழுதுவிட்டாள். அந்த வெள்ளத்திலிருந்து அவள் அழுதது அதுதான் முதல் தடவை. பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். நர்ஸ் ஓடிவந்து, "என்னம்மா, சாருக்கு என்ன செய்யுது?" என்று நாடியைப் பிடித்துப் பார்த்தாள்.

"அவியளுக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றாள் அக்கா, விக்கி விக்கி. "எங்க வீட்டுக்காரவிய ரொம்ப நல்ல மனுஷன்."